அத்தான் சட்பரியில் நிற்கிறார்

"ஹலோ... ஹலோ... ஆரது? கேக்கேல்லை... சத்தமாய்க் கதையுங்கோ... அத்தானோ? ... என்ன உங்கை பேயாட்டம் ஒரு இரைச்சல்? ... காத்தோ? சட்பரியிலை உப்பிடிக் காத்தோ?"

வேரோனிக்கா செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அடுப்பில் கொதித்த பருப்பைக் கிண்டினாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலையை முடித்து ரொறன்ரோ மில்லிக்கனிலுள்ள வீட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தாள். அழைத்தவர் அவளுடைய அக்கா மக்டலீனின் கணவர் அகஸ்ரின். ஸ்கூல் பஸ் ஓட்டுபவர். மார்ச் விடுமுறை வாரம் என்பதால் பிள்ளைகளுக்கும் ஓய்வு, பஸ்ஸுக்கும் ஓய்வு. வடக்கே சட்பரி நகரில் ஒரு சிநேகிதன் புதுவீடு குடிபூருகிறான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு முதல்நாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்.

"என்ன? ... பள்ளத்துக்கையோ? கார் பள்ளத்துக்கையோ! ... ஐயோ மாதாவே... காயம் ஏதும்... இல்லையோ? வடிவாப் பாத்தனீங்களோ? தலை? கால்? ... சரி, சரி. வாய் சுகமாய்த்தான் இருக்கு, அது இங்கை கேக்குது.

"எப்பிடி விழுந்தது? ... ம்... ம்... மரம் ஏத்தின லொறி... ஓம்... அது போகேக்கை வெள்ளைப் புகை மாதிரி எழும்பினது... ஓம், ஓம், கண் தெரியேல்லை... ஒதுக்கினியள்... ஒதுக்கின இடத்திலை றோட்டே இல்லை! இருவது வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓடினன் எண்டு கலியாண வீடு, செத்த வீடெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனுசன்... இல்லை, சிரிக்கேல்லை... சிரிக்கேல்லை எண்டுறன்.

"வின்ரர் ரயர் போட்டனீங்களோ? ... அத்தான்? ... ஹலோ? இவ்வளவு நேரமும் லைன் நல்லாத்தானே இருந்தது. ரயர் எண்டவுடனை ஏன் கேக்கேல்லை?"

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"சரி, இப்ப எந்த இடத்திலை? ... கப்... என்ன? ... கபஸ்கேசிங்கோ? கேக்கக் கப்பல் கவிண்ட சத்தம் மாதிரிக் கிடக்கு... அதையும் தாண்டியோ? அது சட்பரிக்கு எந்தப் பக்கம்? ... இல்லை, நீங்கள் சும்மா 'பக்கம்தான்' எண்டாதேங்கோ. நில்லுங்கோ."

மளிகைக்கடை தந்த கலண்டர் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கியது. அதன் கடைசித் தாளில் ஒன்ராறியோ மாகாணத்தின் படம். வேரோனிக்கா சட்பரியில் விரலை வைத்து மேலே, மேலே கொண்டு போனாள். ஊர்ப் பெயர்கள் குறைந்துகொண்டே போயின. பிறகு ஏரிகளும் வெறும் பச்சையும்தான்.

"அத்தான்... சட்பரிக்கு மேலை ஒரு சாண் கிடக்கு! என்ர கை சின்னக் கை, உங்கட கையெண்டாலும் முக்கால் சாண்! குடிபூரல் எண்டு போனவர் வட துருவத்துக்குப் போயிட்டார்... சரி, சரி, பேந்து கதைப்பம். ஹீற்றர் வேலை செய்யுதோ? ... ராங்கிலை காஸ் எவ்வளவு கிடக்கு? ... கால்வாசி. விடாமல் எஞ்சினை ஓட விடாதேங்கோ. கொஞ்சநேரம் போடுங்கோ, கொஞ்சநேரம் நிப்பாட்டுங்கோ. செல்லைச் சார்ஜிலை போட்டிருக்கிறியளோ? ... நல்லது.

"இப்ப இறங்கிப் போய் பின்னாலை சைலன்சர் குழாயைச் சினோப் பனி மூடிக்கிடக்கோ எண்டு பாத்து, மூடியிருந்தால் கையாலை துப்பரவாக்குங்கோ... குளிரும்தான். குளிரேல்லை எண்டே அங்கை போனனீங்கள்? ... அத்தான், இது பகிடி இல்லை. புகை உள்ளுக்கை வந்தால் நித்திரை மாதிரித்தான் வரும், எழும்பமாட்டியள். போங்கோ. கையுறை போடுங்கோ. செல்லைக் கட் பண்ணாமல் சீற்றிலை வைச்சிட்டுப் போங்கோ."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதோடு காற்று, பெரிய சீலையைக் கிழித்ததுபோல, அவள் காதுக்குள் நுழைந்தது. செல்லை ஒரு காதில் வைத்தபடியே மறுகையால் வீட்டுத் தொலைபேசியை எடுத்து அவசர இலக்கத்தை அழுத்தினாள்.

"ஹலோ... யெஸ், எமர்ஜென்சி... மை சிஸ்ரர் ஹஸ்பண்ட்... கார் இன் த டிச்... ஹைவே இலெவன்... நோ, நோ, நொட் ஸ்கார்பரோ. நோர்த். வெரி, வெரி நோர்த்... ஓகே, ஐ வெயிற்... ஹலோ, பொலிஸ்? ... அப்ரர் கபஸ்கேசிங்... வன் மினிற், ஐ ஆஸ்க் ஹிம்.

"அத்தான்! வந்திட்டியளோ? ... துப்பரவாக்கினதோ? நல்லது. கடைசியா என்ன போர்ட் பாத்தனீங்கள்? ... மூஸ் மான் படமோ? அது வழி நெடுகத் தொங்கும், ஊர்ப் பேரைச் சொல்லுங்கோ... மற்றீஸ். ஒரு ஆறு, பாலம்... அது தாண்டிக் கொஞ்சத் தூரம்...

"ஹலோ, சேர்? அப்ரர் மற்றீஸ், அப்ரர் பிரிட்ஜ்... கொரோலா... வைற்... யெஸ், ஐ நோ, சேர். வைற் கார் இன் வைற் சினோ. ஹி போட் இற், நொட் மீ... ஓகே... ஓகே... தாங் யூ, தாங் யூ."

வீட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு கணம் மூச்சு வாங்கினாள். நெடுஞ்சாலையை இரண்டு பக்கமும் மூடிவிட்டார்கள். காற்று தணிந்தால்தான் பொலிஸ் வண்டி புறப்படும். ஹேர்ஸ்ட் நகரத்திலிருந்து சினோ வழிக்கிற பிளவ் ஒன்று வரக்கூடும், எப்போதென்று சொல்ல முடியாது. காருக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், நித்திரை கொள்ள விடாதீர்கள் என்று மட்டும் அந்தப் பொலிஸ்காரன் சொல்லியிருந்தான்.

இதை அப்படியே அத்தானிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வருகினமாம், அத்தான். உங்களுக்கெண்டு ஸ்பெஷலா ஒரு பிளவ் அனுப்பினமாம்... ஓம்... கொஞ்சம் செல்லும். அதுவரைக்கும் என்னோடை கதையுங்கோ. வெளியிலை எப்பிடிக் கிடக்கு? ... முப்பத்தொண்டோ? மைனஸ் முப்பத்தொண்டு... மூக்கு மயிர் விறைச்சு ஊசி மாதிரிக் குத்துதோ! ... கண்ணிமை ஒட்டுதோ? ... கண்ணாடியிலை பாத்தியளே, வெள்ளைத் தாடிக் கிறிஸ்மஸ் பாப்பா மாதிரி இருப்பியள். அக்காவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ... ஐயோ, சரி, அனுப்பாதேங்கோ. அக்கா வேலையிலை நிக்கிறா, நான் ஒண்டும் சொல்லேல்லை.

"சாப்பிட ஏதும் கிடக்கோ? ... பின் சீற்றிலை? ... ரோல்ஸோ? மட்டன் ரோல்ஸ்... எத்தனை? ... நாப்பதோ! ... சரி, குடிபூரல்தானே. கல்லு மாதிரி விறைச்சுப் போச்சோ? எஞ்சினைப் போடேக்கை ரெண்டை எடுத்து ஹீற்றர் காத்து வாற ஓட்டைக்கு முன்னாலை வையுங்கோ, இளகும். வேறை என்ன கிடக்கு? ... வறுத்த தூள். ஓம்... பனங்கிழங்கு ஒடியல் மா... நெத்தலிக் கருவாடு... எத்தினை பைக்கற்? ... "

அவள் கிண்டிய அகப்பை நின்றது.

"அத்தான். அந்தச் சட்பரிச் சிநேகிதன்ரை பேர் என்ன? ... இல்லை, பேரைச் சொல்லுங்கோ... பிரெஞ்சுக்காரனோ? பிரெஞ்சுக்காரன் ஒடியல் கூழ் குடிப்பனோ?"

வேரோனிக்காவின் விரல் கலண்டர் படத்தில் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, பொலிஸ்காரன் சொன்ன ஹேர்ஸ்ட் என்ற பெயரில் போய் நின்றது. அந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

"அமிர்தத்தைப் பாக்கத்தானே போறியள்?"

அமிர்தநாதர் அகஸ்ரினின் தம்பி. பத்து மாதங்களாக அண்ணனும் தம்பியும் ஒரு சொல் பேசியதில்லை. போன வருடம் மே மாதம், ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்ன நாள், இருவரும் அகஸ்ரின் வீட்டு வரவேற்பறையில்தான் இருந்தார்கள். அந்த ஏப்ரலும் மேயும் அகஸ்ரின் வேலை முடிந்த பின்னேரமெல்லாம் ரொறன்ரோ நகர வீதியில் சனத்தோடு சனமாக நின்று யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தி, குரல் அடைத்துப் போயிருந்தார். அவர்களின் பெரியக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட அன்றைக்குத் தெரியாது. றோட்டில் நின்று கத்துவதால் ஒருத்தரும் நிறுத்தப் போவதில்லை என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்த அமிர்தநாதர், சோபாவில் இருந்தபடி இரண்டே சொல் சொன்னார்: "சொன்னன் தானே."

அகஸ்ரின் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி சப்பாத்துக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே போனார். கோடையில் ஹேர்ஸ்ட் மர ஆலையில் வேலை கிடைத்தது என்று போனவர்தான்.

"ஏன் இப்ப திடீரெண்டு? ... பெரியக்காவோ? ... ஓம், அகதி முகாமிலையிருந்து விட்டு வவுனியாவிலை நிக்கிறா எண்டு தெரியும்... ம்... தம்பி எங்கை எண்டு கேட்டவவோ... குளிக்கிறார் எண்டியளோ? ... அடுத்த முறை? ... அப்பவும் குளிக்கிறாரோ! அத்தான், பெரியக்கா முகாமிலையிருந்து வந்து நாலு மாதம். நாலு மாதமாய் ஒரு மனுசன் குளிச்சால் தோல் உரிஞ்சு போகாதோ? ... வேலைக்குப் போட்டார் எண்டும் சொன்னியளோ. கோயிலுக்கு... பல்லுப் பிடுங்க... எத்தனை பல்லு?"

மறுமுனையில் அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருமினார். பிறகு மெதுவாக எதையோ சொன்னார். வேரோனிக்கா இடையில் குறுக்கிடாமல் கேட்டாள்.

"ம்... ம்... ஓம்... அவ என்ன சொன்னவ? ... 'ரெண்டு பேரும் இருக்கிறியள் தானே, ஒருத்தரையும் நான் அங்கையும் தேடத் தேவையில்லைத் தானே' எண்டு கேட்டவவோ..."

வேரோனிக்கா ஒரு தரம் கனைத்துக்கொண்டாள்.

"சரியத்தான். நல்ல காரியம்தான். ஆனால் அதுக்குப் போன் எண்டு ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள்... ஓம், தெரியும். முகத்தைப் பாத்துத்தான் கதைக்கவேணும்... ஓம்.

"நான் ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ... அமிர்தம் எனக்கு எடுக்கிறவர்... ஓம், எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமையிலை, பூசை முடிஞ்ச பிறகு... என்னத்தைக் கதைக்கிறது! 'அண்ணையின்ரை முழங்கால் எப்பிடி, மாடிப்படி ஏறுறாரோ' எண்டு கேப்பார். நான் ஏறுறார் எண்டுவன். 'இங்கை சரியான குளிர்' எண்டுவார். வைச்சிடுவார்... ஏன் சொல்லேல்லையோ? உங்களுக்கு முன்னாலை அந்தப் பேரை எடுத்தால் நீங்கள் எழும்பிப் போய்க் காரைக் கழுவுவியள். வின்ரரிலையும் கழுவினனீங்கள்! ... ஓம், அக்காவுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

"அத்தான், இப்ப நான் அவருக்கு எடுக்கப்போறன்... வேண்டாமோ? பள்ளத்துக்கை கிடந்துகொண்டு ரோசமோ? ... வெக்கமாயிருக்கோ? நாப்பது ரோல்ஸோடை அவரின்ரை வாசலிலை போய் நிக்க வெக்கமில்லை, பள்ளத்துக்கை கிடக்கத்தான் வெக்கமோ? ... நீங்கள் 'வேண்டாம், வேண்டாம்' எண்டுகொண்டே இருங்கோ, அங்கை மணி அடிக்குது.

"ஹலோ... அமிர்தமோ? நான் வேரோனிக்கா... ஓம், இண்டைக்கு ஞாயிறு இல்லை, தெரியும்... இல்லையில்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, பதறாதையும். நீர் வீட்டையோ நிக்கிறீர்? ... சரி, கேளும். உம்மடை அண்ணை உம்மைப் பாக்க வெளிக்கிட்டு வந்து, மற்றீஸ் தாண்டிப் பள்ளத்துக்கை கிடக்கிறார்... ஓம், காரோடைதான். காயமில்லை... உம்மைப் பாக்கத்தான். வேறை ஆரைப் பாக்க அந்த ஊருக்கு வாறது? ... ஹலோ? ... அமிர்தம்? ... ஹலோ?"

தொடர்பு அறுந்திருந்தது. வேரோனிக்கா ரிசீவரைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கோபத்தில் வைத்துவிட்டாரா? சொன்ன விதம் பிழைத்துவிட்டதா?

"அத்தான், அவர்... அவரோடை லைன் சரியில்லை. காத்துத்தானே. பேந்து எடுக்கிறன்... அத்தான்?"

செல்லில் காற்றுச் சத்தம் மட்டும்.

"அத்தான், கேக்குதோ? ... அத்தான், ரோல்ஸ் இளகிட்டுதோ? ... பகிடி விடாதேங்கோ... நித்திரையோ? நித்திரை கொள்ளாதேங்கோ! ... அகஸ்ரின் அத்தான்!"

பருப்பு அடிப்பிடித்துப் புகை எழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சமையலறை நடுவில் நின்று, சுவருக்கு அப்பால் இருக்கிற சீன அயலவர்களுக்கும் கேட்கும்படி அத்தானின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கேலி, நையாண்டி எல்லாம் எங்கே போயினவோ. அக்கா வேலை முடிந்து வந்து "அவர் எடுத்தவரோ?" என்று கேட்பாளே, என்ன சொல்வது என்ற ஒரு நினைப்பு மட்டும் மண்டைக்குள் சுற்றியது.

"...ஆ! எங்கை போனனீங்கள்! ... சைலன்சரோ? திரும்பவும் மூடிப்போச்சோ... சொல்லிப்போட்டுப் போகக்கூடாதோ? நான் இங்கை செத்துப்பிழைச்சன்! ... அழேல்லை. வெங்காயம் வெட்டினனான்... பருப்புக்கு வெங்காயம் போடுறேல்லையோ? நீங்கள் எப்ப அடுப்படிக்கு வந்தனீங்கள், கண்டுபிடிக்க?"

அடுப்பை அணைத்தாள். அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. அத்தான் குளிரால் சொற்களை மென்று மென்று பேசத் தொடங்கியிருந்தார். ஆகவே அவரைக் கோபப்படுத்தக்கூடிய எல்லாவற்றையும் தேடிப் பிடித்துக் கேட்டாள். கலியாணத்தன்று மோதிரத்தைத் தவறவிட்டு அல்தார் மேசைக்குக் கீழே ஊர்ந்தது யார்? நயாகராவுக்குப் போகிறேன் என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ கிடக்கும் விண்ட்சரில் இறக்கியது யார்? அவர் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னார். மறுக்க மறுக்கக் குரல் தெளிந்தது. அங்கே சினோவில் வெளிச்சம் மங்கிவருவதாகச் சொன்னார். சாலையோர ஊசியிலை மரங்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளையைப் போர்த்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றனவாம். அந்த வழியில் கண்ட ஒரே சனம் அவைதானாம்.

அப்போது வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ஹலோ... அமிர்தமோ! ஏனப்பா வைச்சனீர்? ... என்ன? உங்கையும் இரைச்சல்... எங்கை நிக்கிறீர்? ... பிளவுக்குள்ளையோ! ஆரின்ரை பிளவ்? ... கோப்பிக் கடையிலை பழக்கமான ஆள்... நீர் போய்க் கதவிலை தட்டி இழுத்துக்கொண்டு வந்தனீரோ... ஓம்... ஓம்... செல்லை வீட்டை விட்டிட்டு ஓடினனீரோ? இது அந்தாளின்ரையோ... நல்ல மனுசன், அவருக்கு ரெண்டு ரோல்ஸ் குடுங்கோ. சப்பாத்தாவது போட்டனீரோ? ... நல்லது.

"அத்தான்! தம்பி வாறார்! பிளவிலை ஏறி வாறார்... ஓம், அவர்தான்... என்னோடை மற்றக் காதிலை நிக்கிறார். சிக்னல் லைற் ரெண்டும் போட்டிருக்கிறியளோ எண்டு கேக்கிறார்... போட்டிருக்கிறாராம், அமிர்தம்... றோட்டுக்கு எந்தப் பக்கம்? ... வலப்பக்கமாம்... உமக்கு வலமோ அவருக்கு வலமோ? ... பொறும், கேக்கிறன். அத்தான், ஆருக்கு வலம்? ... தனக்கு வலமாம்... தொப்பி போட்டிருக்கிறாரோ எண்டு கேக்கிறார்... போட்டிருக்கிறாராம்... முழங்கால் நோகுதோ எண்டு... அவர் ஒண்டும் சொல்லேல்லை, அமிர்தம்... அத்தான், நோகுதோ? ...

"சீ, நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் தபால்காரியோ? என்ர ரெண்டு காதும் கொதிக்குது. நீங்களே கதையுங்கோ!"

சொன்னதைச் செய்தாள். செல்லையும் ரிசீவரையும் தலைகீழாகச் சேர்த்து, ஒன்றின் வாய் மற்றதன் காதோடு பொருந்தும்படி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். சாப்பாட்டு மேசையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. யன்னலுக்கு வெளியே மில்லிக்கன் சினோ பஞ்சுபோலச் சாதுவாக விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைச் சவளால் அள்ளினார். பிறகு அவளது வலது உள்ளங்கையில் ஏதோ இரைந்தது, போத்தலுக்குள் அகப்பட்ட குளவிபோல. நின்றது. இடது உள்ளங்கையில் இன்னொன்று. ஒரு சொல்கூட விளங்கவில்லை. ஒன்று இரையும்போது மற்றது பொறுத்திருந்தது. கொஞ்சநேரத்தில் இரண்டும் ஒரேயடியாக இரைந்தன. சண்டையோ, அழுகையோ, சிரிப்போ, கையால் எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்குக் கொண்டுபோக ஆசையாகத்தான் இருந்தது. கொண்டுபோகவில்லை.

இரண்டும் அடங்கின. அவள் எண்ணாமல் பொறுத்திருந்தாள். பிறகு பொறுக்கமுடியாமல் செல்லை இடது காதிலும் ரிசீவரை வலது காதிலும் வைத்தாள்.

"ஹலோ... அத்தான்? ... அமிர்தம்? ... ஏன் ஒருத்தரும் கதைக்கிறியள் இல்லை?"

இடது காதில் காற்று. வலது காதில் பெரிய எஞ்சின் ஒன்றின் உறுமல், இரும்புத் தகடு றோட்டைச் சுரண்டுகிற சத்தம். வலப்பக்கம் திடீரென்று ஹோர்ன் அடித்தது, காது அடைக்கும்படி. இடப்பக்கம் அதே ஹோர்ன், எங்கோ தூரத்திலிருந்து, பூனைக்குட்டியின் சத்தமாய்.

மறுபடி அடித்தது. இடப்பக்கம் இப்போது கொஞ்சம் பெரிதாக.

"அத்தான், வெளிச்சம் தெரியுதோ? ... சொல்லுங்கோவன்... அமிர்தம், காரைக் கண்டிட்டீரோ? ..."

மறுபடி. இந்த முறை இரண்டு காதிலும் ஒரே ஹோர்ன், ஒரே உயரத்தில், ஒரே கணத்தில். கதவொன்று திறபட்டது, எந்தக் காதில் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ஹலோ?" என்றாள், மிக மெதுவாக.

இடப்பக்கம் அறுந்தது. அடுத்து வலப்பக்கம்.